‘ரிஸ்க் குறைவு’ என்று எழுதிய தாளை நம்பலாமா?

கேள்வி:

டாக்டர் அம்மா, கொள்ளேகாலில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் தம்பிக்கு 26 வயது. பட்டுத்தறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு வருடமாகவே சரியில்லை. யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை. போன மாதம் மஞ்சள் வயலுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டான். அப்பா உடனே பார்த்துவிட்டதால் பிழைத்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடும், நாளைக்கு அவனுக்குப் பெண் பார்க்க முடியாது என்று பயந்து, ‘தெரியாமல் குடித்துவிட்டான்’ என்றே எல்லா இடத்திலும் சொன்னோம்.

அதன் பிறகும் அவன் வாய் திறக்காமல் இருந்ததால் மைசூரில் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். பத்து நாள் இருந்தான். மனச்சோர்வு நோய் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் கன்னடத்தில் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். ‘செத்துப்போகணும்னு எண்ணம் ஏதும் இல்லையே?’ என்று அவர் கேட்டதும் அம்மா முந்திக்கொண்டு, ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க’ என்றார். தம்பியும் தலையை ஆட்டினான். டிஸ்சார்ஜ் தாளில் ‘தற்கொலை ரிஸ்க் குறைவு’ என்று எழுதி, ஒரு மாத மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்தத் தாளை அப்பா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அம்மாவோ ராத்திரி முழுக்க வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்கிறார். தாளை நம்புவதா, அம்மாவின் பயத்தை நம்புவதா? அவனிடம் நாங்களே நேராகக் கேட்கலாமா? கேட்டால் மறந்ததை நினைவுபடுத்தியது போல ஆகிவிடும் என்கிறார் அம்மா. உண்மையை இப்போது டாக்டரிடம் சொன்னால் கேஸ் வருமா?

— ஓர் அக்கா, கொள்ளேகால்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை எழுதிய மருத்துவருக்கு உங்கள் தம்பி உயிரை விடப் பார்த்தது தெரியாது. ‘தெரியாமல் குடித்தான்’ என்ற தகவலை வைத்துக்கொண்டுதான் அவர் ‘குறைவு’ என்று எழுதியிருக்கிறார். மனநல மருத்துவத்தில் நாங்கள் கேட்கும் எத்தனையோ கேள்விகளில் முதலிடத்தில் இருப்பது, ‘இதற்கு முன்னால் முயன்றது உண்டா?’ என்பது. அந்த ஒரு கேள்விக்கான விடை மாறினால் மற்ற விடைகளைப் பார்க்கும் விதமும் மாறும். ஆகவே ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கேஸ் பயம் பற்றி. உங்கள் வீட்டாரின் பயம் காரணம் இல்லாதது அல்ல. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, உயிரை விட முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்று வெகுகாலம் மிரட்டிக்கொண்டிருந்தது. 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அதை மாற்றியது. அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அந்தப் பிரிவு. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 போன்ற பொதுவான பிரிவே கிடையாது. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்யவிடாமல் நிர்ப்பந்திக்க அப்படி முயல்வதற்கு மட்டும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விஷம் குடித்தவர் வந்தால் மருத்துவமனையில் இருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. போலீஸ்காரர் வந்து நாலு வரி எழுதிக்கொண்டு போகலாம். அதற்காகத் தம்பியை யாரும் ஜெயிலில் போட முடியாது. மாற்றிச் சொன்னதற்காக மருத்துவர் கோபிப்பாரோ என்ற தயக்கமும் வேண்டாம். என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப்பேர் முதல் நாள் ‘தெரியாமல்’ என்றுதான் சொல்வார்கள். உண்மை வர இரண்டாவது, மூன்றாவது சந்திப்பு ஆகும். வந்தவுடன் நாங்கள் படும் நிம்மதி உங்களுக்குத் தெரியாது.

இனி அந்தத் தாள். மருத்துவரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. உண்மை முழுதும் தெரிந்து எழுதியிருந்தாலும், ‘குறைவு’ என்ற சொல்லுக்கு நீங்கள் நினைக்கும் பலம் இல்லை. ஒருவர் உயிரை விடுவாரா மாட்டாரா என்று முன்கூட்டிச் சொல்ல உலகம் முழுக்க மருத்துவர்கள் முயன்று தோற்றிருக்கிறோம். அமெரிக்காவில் போகோர்னி என்ற மனநல மருத்துவர் மருத்துவமனையில் சேர்ந்த 4,800 முன்னாள் படைவீரர்களைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 1983-இல் முடிவை வெளியிட்டார். 67 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த 67 பேரை மற்றவர்களிடமிருந்து முன்னாலேயே பிரித்துக் காட்ட அவருடைய எந்த அளவுகோலாலும் முடியவில்லை. 2017-இல் ஐம்பது ஆண்டுகளின் 365 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், நம் கணிப்பு நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்றுதான் தெரிந்தது. ‘ரிஸ்க் அதிகம்’, ‘குறைவு’ என்று பிரித்த ஆய்வுகளில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ‘குறைவு’ என்ற பக்கத்தில் இருந்தவர்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, 2022-இல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறி, மதிப்பெண் போட்டு ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று முத்திரை குத்தி அதை வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கவும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

அப்படியானால் எதற்கு அத்தனை கேள்வி என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தூக்கம் இல்லை என்றால் தூக்கத்துக்கு வழி பார்க்கிறோம். குடி இருந்தால் அதற்கு. ‘செத்துப் போ’ என்று காதில் குரல் கேட்கிறது என்றால் மருந்தே மாறும், வார்டில் வைத்திருக்க வேண்டிவரும். கடன் என்றால் வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுகிறோம். எண்ணம் வந்தபோது எது தடுத்தது என்று கேட்கிறோம், அந்தத் தடுப்பை இன்னும் பலப்படுத்தத்தான். ஆக இந்த மதிப்பீடு அன்றைய தேவைகளின் பட்டியல். அடுத்த வாரம் வேறு பட்டியல் வரும். சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்த வேண்டிய தாள் இல்லை அது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். கரும்பு விவசாயி. எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றார். நானும் ‘இல்லை’ என்று கட்டங்களை நிரப்பிவிட்டேன். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி, சட்டைப்பையில் இருந்து பேங்க் பாஸ்புக்கை எடுத்து, ‘இதை என் மகள் வந்தா குடுத்துடுறீங்களாம்மா? என்கிட்ட இருந்தா தொலைஞ்சுடும்’ என்றார். கை நடுங்கவில்லை, குரலும் மாறவில்லை. அவரை மறுபடி உட்காரவைத்து, மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். முக்கால் மணி நேரம் அழுதார். அன்றைக்கே வார்டில் சேர்த்தோம். பிழைத்தார். பல வருடங்கள் கழித்துப் பேத்தி கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். அவர் கதவு வரை போன அந்த நாலடி தூரம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அதன் பிறகு நோயாளியைத் தனியாகப் பார்க்காமல் நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

உங்கள் தம்பியிடம் கேட்ட கேள்வியையும் பாருங்கள். ‘எண்ணம் ஏதும் இல்லையே?’ அந்த ‘இல்லையே’யில் விடை ஏற்கெனவே இருக்கிறது. கேட்பவர் ‘இல்லை’யை எதிர்பார்க்கிறார் என்று கேட்கப்படுபவருக்குப் புரிந்துவிடும். கன்னடமானாலும் தமிழானாலும் இதே கதைதான். இங்கிலாந்தில் மருத்துவர்–நோயாளி உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளில் முக்கால்வாசி இப்படி ‘இல்லை’யை நோக்கியே கேட்கப்பட்டிருந்தன. அப்படிக் கேட்டபோது நோயாளிகளும் ‘இல்லை’ என்று சொல்வதே கூடியிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை ‘ஆமாம்’ என்பான்? அடுத்த முறை, ‘டாக்டர், அவனிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள், பிறகு எங்களையும் தனியாகக் கூப்பிடுங்கள்’ என்று நீங்களே கேளுங்கள். தமிழ் தெரிந்த மருத்துவரோ, நர்ஸோ, மனநல சமூகப் பணியாளரோ இருந்தால் அவர் பேசட்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. தம்பிக்குக் கன்னடம் நன்றாகத் தெரிந்திருக்கும். தறியிலும் கடையிலும் அதுதானே பேச்சு. ஆனால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த தாலுகா உங்களுடையது. வீட்டுக்குள் இன்னும் தமிழ் பேசுகிறீர்கள். ஆள் உடைந்து பேசும்போது வீட்டு மொழிதான் வரும்.

அந்த வீட்டு மொழியில் ‘தற்கொலை’ என்ற சொல்லே இருக்காது. அது செய்தித்தாள் சொல். நம் ஆட்கள் சொல்வது வேறு: ‘இருந்து என்ன பண்ணப் போறேன்’, ‘எல்லாருக்கும் பாரமா இருக்கேன்’, ‘படுத்தா அப்படியே எந்திரிக்காம இருந்துட்டா தேவலை’, ‘எங்கயாவது போயிடலாம்னு இருக்கு’, ‘நான் இல்லைன்னாலும் நீங்க பாத்துக்குவீங்க’. இவற்றைப் புலம்பல் என்று நாம் தள்ளிவிடுகிறோம். தள்ளாதீர்கள்.

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். நியூயார்க்கில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் இதைக் கேட்டுப் பார்த்த ஆய்வு 2005-இல் வந்தது. கேட்கப்பட்டவர்களுக்கு மற்றவர்களைவிட எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனம் தளர்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. அதனால் நீங்கள் கேளுங்கள். அம்மா வேண்டாம், நீங்களே கேளுங்கள். அக்காவிடம் சொல்வது எளிது. எதிரே உட்கார வைத்துக் கேட்க வேண்டாம். ஆற்றங்கரைக்கு நடந்து போகும்போதோ, பாத்திரம் கழுவிக்கொண்டோ கேளுங்கள். ‘தம்பி, அன்னைக்கு நடந்ததைப் பத்தி நாம பேசவே இல்லை. உனக்கு இன்னும் செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா?’ நேரான சொற்கள் போதும். ‘ஆமாம்’ என்று சொன்னால் பதறி, ‘அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சி அவனிடம் ஏற்கெனவே மூட்டையாக இருக்கிறது. ‘எப்ப வருது? ராத்திரியா? வர்றப்ப என்ன பண்றே? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?’ என்று மெதுவாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ வந்தால் அன்றே மருத்துவமனை. தனியாக விடாதீர்கள். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

அவன் எதுவுமே சொல்லாவிட்டாலும் சிலவற்றைப் பார்த்தவுடன் கிளம்ப வேண்டும். இரண்டு மூன்று இரவாகக் கண் மூடாமல் உள்ளுக்குள் எரிவது போல நடந்துகொண்டே இருப்பது. தன் பொருள்களை எடுத்து மற்றவர்க்குக் கொடுப்பது. புதிதாகக் குடிக்க ஆரம்பிப்பது. நாள்கணக்கில் இருண்டு கிடந்தவன் காரணமே தெரியாமல் ஒரே நாளில் அமைதியாகிவிடுவது. கடைசியில் சொன்னதைக் கண்டு குடும்பங்கள் சந்தோஷப்பட்டுவிடும். முன்னேற்றமாகவும் இருக்கலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வார்டில் இருந்து வீட்டுக்கு வந்தபின் முதல் வாரமும் முதல் மூன்று மாதமும்தான் மிகவும் கவனம் தேவைப்படும் காலம். பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, அந்த மூன்று மாதத்தில் தற்கொலை விகிதம் பிந்தைய காலத்தைவிட மிக அதிகம் என்று காட்டியது. வார்டில் நர்ஸ், நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்துக் கட்டில்காரரின் பேச்சு எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்தால் அதே தறி, அதே கடன், அதே முகங்கள். மனச்சோர்வு மாத்திரை முழுதாக வேலை செய்யவும் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில் ஒரு மாதத் தவணை எனக்கு ஒப்பவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98-ஆம் பிரிவு, வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளியோடும் அவரைக் கவனித்துக்கொள்பவரோடும் கலந்து பேசித் தொடர்சிகிச்சைக்குத் திட்டம் போட வேண்டும் என்கிறது. அதைக் கேட்பது உங்கள் உரிமை. வாரம் ஒருமுறை மைசூருக்குச் சுமார் 60 கிலோமீட்டர் பஸ்ஸில் அலைய முடியாது என்றால், கொள்ளேகால் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். கர்நாடகத்தில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்கு வந்துபோகும் ‘மனோசைதன்யா’ திட்டம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கிளினிக் என்பார்கள். உங்கள் ஊருக்கு எந்தச் செவ்வாய் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு விட்டுப்போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. உயிரை விட முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் சென்னையும் கொழும்பும் இருந்தன. பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரித்தார்கள். முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே மூன்று முறை. 2008-இல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. சென்னையில் ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் இந்த ஆய்வில் முக்கியப் பங்கு வகித்தவர். உங்கள் சித்தப்பா, தம்பியின் பழைய பள்ளிக்கூட நண்பன், தறி முதலாளி என்று நாலு பேரிடம் நாள் பிரித்துக் கொடுங்கள். புத்தி சொல்ல வேண்டாம், போன் பண்ணி விசாரித்தால் போதும்.

அடுத்து வீடு. பூச்சிமருந்தையும் மருந்து என்கிறோம், மாத்திரையையும் மருந்து என்கிறோம். உங்கள் வீட்டில் இரண்டுமே பூட்டுக்குள் போக வேண்டும். வயலுக்குத் தேவையானதை அன்றன்றைக்கு வாங்கி அடித்துவிட்டு மிச்சம் வைக்காமல் இருப்பது உத்தமம். மிச்சம் இருந்தால் வேறு வீட்டில், வேறு ஆள் சாவியில். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இந்த எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி, சில நிமிடமோ சில மணி நேரமோ நின்று, இறங்கிவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். இலங்கையில் 1995-இல் ஒரு லட்சம் பேருக்கு 47 என்று இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பின் 2005-இல் 24 ஆனது. அங்கே யாருடைய கவலையும் திடீரென்று தீர்ந்துவிடவில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியிலும் சினேகா அமைப்பு கிராமத்துக்குப் பொதுவாக ஒரு பெட்டக அறை கட்டி, விவசாயிகளின் பூச்சிமருந்தை அங்கே பூட்டிவைத்துப் பார்த்தது. பலன் இருந்தது. மாத்திரையை ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் வாரத்துக்கு ஒருமுறை வாங்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் நீங்களோ அப்பாவோ எடுத்துக் கொடுங்கள். நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்த வேண்டாம்.

தம்பி கொஞ்சம் பேச ஆரம்பித்ததும் அவனோடு உட்கார்ந்து ஒரு தாள் எழுதுங்கள். அவன் கையெழுத்திலேயே இருக்கட்டும். எண்ணம் கிளம்புவதற்கு முன் என்ன அடையாளம் தெரிகிறது, அப்போது தானாகச் செய்யக்கூடியது என்ன, யாரிடம் போய் உட்காரலாம், யாருக்குப் போன் செய்யலாம், எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வரிசையாக. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இப்படித் தாள் எழுதி, பிறகு போனிலும் விசாரித்துவந்தவர்களிடம், ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சாமி படத்துக்குப் பின்னால் வைக்க ஒரு தாள் வேண்டுமென்றால் இதை வையுங்கள். அதைவிடத் தம்பியின் சட்டைப்பையில் இருப்பது நல்லது.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் பயம் சரியானது. அவர் வாசற்படியில் படுத்தது எந்தத் தாளையும்விட நல்ல மதிப்பீடு. ஆனால் ஒருவரே எல்லா இரவும் விழித்திருந்தால் பத்தாவது நாள் அவரே விழுந்துவிடுவார். நீங்கள், அப்பா, சித்தப்பா என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். வாசற்படியை விட்டு அவன் அறையிலேயே, அவன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கட்டும். அவனுக்குத் தூக்கம் வராதபோது பேச ஆள் இருக்கும்.

மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். தம்பி மட்டும் என்றில்லை, நீங்களும் அம்மாவும்கூடக் கூப்பிடலாம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அந்த எண்ணை வீட்டில் எல்லார் போனிலும் பதிந்துவிடுங்கள். நாளைக் காலை மருத்துவமனைக்குப் போன் செய்து முன்கூட்டியே நாள் கேளுங்கள். போகும்போது நடந்ததைச் சொல்லப்போவது யார் என்று இன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நீங்களே சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.